கொடுத்துப் பெருகிய வித்தை

ஒரு தொழிலின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் அநேகமாக அந்தத் தொழிலில் பெயர் எடுத்த மனிதர்களையும், அவர்கள் ஸ்தாபித்த கம்பெனிகளையும், அந்தக் கம்பெனிகள் ஈட்டிய லாபத்தையும் வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டு, அத்தோடு தங்கள் கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்த மனிதர்கள் மாலை வேளைகளில் எங்கே கூடினார்கள், கூடிய இடத்தில் எதைப் பற்றிப் பேசினார்கள், தாம் கண்டறிந்த விஷயத்தை அடுத்தவருக்குச் சொன்னார்களா அல்லது மறைத்து வைத்தார்களா என்னும் கேள்விகளுக்கு விடை தேடினால்தான், அந்தத் தொழில் எதனால் தழைத்தது என்பது உள்ளபடி விளங்கும். இன்று மேஜைமீதும் மடிமீதும் உள்ளங்கையிலும் இடம் பிடித்துவிட்ட கம்ப்யூட்டர், ஒரு காலத்தில் அரசாங்கங்களும் பெரிய வியாபார ஸ்தாபனங்களும் மட்டுமே வைத்துக்கொள்ளக்கூடிய யந்திரமாக இருந்தது. அது சாமானிய மனிதனின் சொத்தாக மாறிய கதையின் நடுவில், ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வதையே விரதமாகக் கொண்ட ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குத் தெற்கே கிடக்கும் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு, இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகும் சில காலம் வரையில் பழத்தோட்டங்களுக்கே பேர்போனதாக இருந்தது. ஆப்ரிகாட்டும் பிளமும் செர்ரியும் விளைந்த அந்தப் பூமியில், அவற்றை உலர்த்துவதும் டப்பிகளில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவதுமே ஜனங்களின் முக்கிய ஜீவனோபாயம். 1956-ஆம் ஆண்டில், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரும் அந்த ஆண்டிலேயே நோபல் பரிசு பெற்றவருமான வில்லியம் ஷாக்லி, அங்கே மவுண்டன் வியூ என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சிச் சாலையை ஆரம்பித்தார். மேதையாகிய அவருக்கு மனிதர்களை அரவணைத்து வேலை வாங்கும் குணம் வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே அவரிடம் பணியாற்றிய எட்டு விஞ்ஞானிகள் ஒருசேர விலகிச் சென்று, ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற கம்பெனியைத் தோற்றுவித்தார்கள். அந்தக் கம்பெனியிலிருந்து விலகியவர்கள் வேறு கம்பெனிகளைத் தோற்றுவித்தார்கள். 1968-இல் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் ஆரம்பித்த இன்டெல் அவற்றில் ஒன்று.

இப்படி ஒருவர் ஓரிடத்தை விட்டு வேறோர் இடத்துக்குப் போவதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லாதிருந்தது அந்தப் பிரதேசத்தின் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். ஒரு மனிதன் நியாயமான தொழில் எதையும் செய்யவொட்டாமல் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செல்லாது என்று கலிபோர்னியா மாகாணத்தின் 1872-ஆம் ஆண்டுச் சிவில் சட்டமே விதித்திருந்தது. ஆகவே இன்று ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள் நாளை போட்டிக் கம்பெனிகளில் இருந்தாலும், மாலையில் மவுண்டன் வியூவில் இருந்த வேகன் வீல் என்னும் மதுச்சாலையில் பழைய சிநேகிதர்களாகவே சந்தித்துக்கொண்டார்கள். பகலில் அவிழாத முடிச்சு ஒன்று அங்கே பேச்சுவாக்கில் அவிழ்ந்துவிடுவதும் உண்டு என்று அக்காலத்தவர் நினைவுகூர்கிறார்கள். 1971-ஆம் ஆண்டு ஜனவரியில் டான் ஹோஃப்லர் என்ற பத்திரிகையாளர் ‘எலக்ட்ரானிக் நியூஸ்’ ஏட்டில் எழுதிய கட்டுரைத் தொடரின் தலைப்பிலிருந்து சிலிக்கான் பள்ளத்தாக்கு என்னும் பெயர் அந்தப் பிரதேசத்துக்கு நிலைத்தது. பெயர் வருவதற்கு முன்பே பழக்கம் வந்துவிட்டது.

ஆயினும் இந்தப் பேச்செல்லாம் உத்தியோகஸ்தர்களுக்குள் நடந்த பேச்சு. வெளியே இருந்தவனுக்கு அதில் இடமில்லை. அந்த நிலையை மாற்றியது 1975-ஆம் ஆண்டு ஜனவரி மாத ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகையின் அட்டையில் வெளியான ஒரு படம். நியூ மெக்ஸிகோ மாகாணத்து ஆல்புகர்க்கி நகரத்தில் எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்திவந்த மிட்ஸ் என்னும் சிறிய கம்பெனி, ஆல்டேர் 8800 என்ற பெயருடைய கம்ப்யூட்டரை, வாங்குகிறவரே பூட்டிக்கொள்ளும்படி உதிரிப் பாகங்களாக 397 டாலருக்கு விற்பதாக அதில் அறிவித்திருந்தது. அந்த யந்திரத்துக்கு விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முகப்பில் வரிசையாக இருந்த சிறு ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி, ஓர் எண்ணுக்குப் பிறகு ஓர் எண்ணாகக் கட்டளைகளை உள்ளே செலுத்த வேண்டும். விடை, சிவப்பு விளக்குகள் எரிவதும் அணைவதுமாக வெளிவரும். அதன் ஞாபக சக்தியோ 256 எழுத்துக்களுக்கு மேல் கொள்ளாது. மின்சாரம் நின்றால் செலுத்தியது அனைத்தும் அழிந்துபோகும். இவ்வளவு குறைபாடுகள் இருந்தும், ஒரு கம்ப்யூட்டரைத் தன் வீட்டில் தனக்கே சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே ஆயிரக்கணக்கானவர்களைப் பித்துப் பிடிக்க வைத்தது.

யந்திரம் கிடைத்தவர்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பூட்டும்போது ஒரு கம்பி தவறாகப் பற்றவைக்கப்பட்டால் கேட்பதற்கு ஆளில்லை. இந்தத் தனிமையை உணர்ந்து அதற்குப் பரிகாரம் தேடியவர் ஃபிரெட் மூர். இவர் எலக்ட்ரானிக்ஸ் நிபுணர் அல்லர். 1959-இல் பெர்க்லி சர்வகலாசாலையில் சேர்ந்த புதிதில், மாணவர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி அளிப்பதை எதிர்த்து அதன் படிக்கட்டில் உண்ணாவிரதம் இருந்தவர். பின்னர் ராணுவ சேவைக்கு உட்பட மறுத்துச் சிறை சென்றவர். பணத்தைவிட மனிதர்களுக்குள் ஏற்படும் தொடர்பே பெரிது என்று உறுதியாக நம்பியவர். இப்படிப்பட்ட அகிம்சாவாதி ஒருவர், கார்டன் ஃபிரெஞ்ச் என்ற இன்ஜினீயரோடு சேர்ந்து, சொந்தமாகக் கம்ப்யூட்டர் செய்ய முயல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வரலாம் என்று கையால் எழுதிய விளம்பரத் தாள்களை ஊரெங்கும் ஒட்டினார்.

1975-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி, புதன்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்த ஃபிரெஞ்சின் கார் கொட்டகையில் முப்பத்திரண்டு பேர் கூடினார்கள். அவர்களில் ஆறு பேர் முன்பே தமக்குத் தெரிந்த விதத்தில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரைச் செய்து பார்த்தவர்கள். வேறு சிலர் ஆல்டேருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள். அங்கே ஓர் ஆல்டேர் யந்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். தாம் கட்டிய பணம் என்னவாயிற்று என்று நேரில் பார்த்து வர ஆல்புகர்க்கிக்கே போய்த் திரும்பியிருந்த ஸ்டீவ் டாம்ப்பியர் என்பவர், கம்பெனி எத்தனை யந்திரங்களை அனுப்பியிருக்கிறது, இனி எத்தனை அனுப்பப் போகிறது என்னும் விவரங்களைச் சபைக்குத் தெரிவித்தார். கூட்டம் முடிந்த பத்து நாட்களில் மூர் முதல் செய்தி மடலை வெளியிட்டார். யார் யார் வந்தார்கள், யாருக்கு எதில் நாட்டம், யாரிடம் என்ன இருக்கிறது என்பவை அதில் இருந்தன. இதுவே பிற்காலத்தில் புகழ் அடைந்த ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் என்னும் சங்கத்தின் பிறப்பு.

இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை கூடுவது என்று வழக்கமாயிற்று. கூட்டம் பெருகவே, ஒரு பள்ளிக்கூடத்துக்கும், பிறகு ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய மண்டபத்துக்கும் சபை இடம் மாறியது. அங்கே தலைமை வகித்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். 1973-ஆம் ஆண்டில் பெர்க்லியின் ஓர் இசைத்தட்டுக் கடை வாசலில், டெலிபோன் கம்பி வழியாகத் தொலைவில் இருந்த பெரிய கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்ட தட்டச்சு யந்திரம் ஒன்றை வைத்து, போகிறவர் வருகிறவர் எவரும் அதில் செய்தி எழுதவும் தேடிப் படிக்கவும் வழி செய்த நண்பர் குழுவில் அவரும் ஒருவர். வாடகை வீடு வேண்டுவோரும், வாத்தியக் கோஷ்டிக்கு ஆள் தேடுவோரும் அதில் எழுதினார்கள். அந்த அனுபவம் பெற்றவர் சபையை நடத்தியதால், அதன் நடைமுறையும் அதற்கு ஏற்றபடி அமைந்தது.

நீண்ட கோல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கும் ஃபெல்சென்ஸ்டைன், பேச விரும்பி எழுந்தவரைக் கோலால் சுட்டுவார். சுட்டப்பட்டவர் தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன வேண்டும், தாம் கேள்விப்பட்ட புதிய செய்தி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். புதிதாக வந்த சிப் ஒன்றின் விலை குறைந்திருக்கிறது என்று ஒருவர் சொல்வார். இன்ன கம்பெனியின் மெமரி பலகை சரியாக வேலை செய்யவில்லை என்று மற்றொருவர் எச்சரிப்பார். ஆல்டேருக்கு மிட்ஸ் விற்ற மெமரிப் பலகைகளைப் பற்றி இப்படி எழுந்த புகார்களே, அவற்றைவிட நல்ல பலகைகளைச் செய்து விற்கச் சங்கத்தாரில் சிலரைத் தூண்டின. இது முதற்பகுதி. யாரிடம் எது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, சபை கலைந்து, அவரவர் தமக்கு வேண்டியவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு மண்டபத்திலும் தாழ்வாரத்திலும் வெளியே வண்டிகள் நிற்கும் இடத்திலும் பேசுவார்கள். சிப்புகளும் சர்க்யூட் படங்களும் கைமாறும். நடுராத்திரிக்கு மேலும் பேச்சு ஓயாது. கம்பெனியில் அதிகாரியாக இருந்தவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையனும் அங்கே சமானம். தெரிந்தவன் சொல்ல வேண்டும், தெரியாதவன் கேட்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசாரம் அந்தச் சபையில் இல்லை.

1975-ஆம் ஆண்டு வசந்த காலத்துக் கூட்டம் ஒன்றில் டாம்ப்பியர் தமது ஆல்டேரைக் கொண்டுவந்து தரையில் வைத்து, அதன்மேல் ஒரு சாதாரண ரேடியோப் பெட்டியையும் வைத்தார். மண்டியிட்டு உட்கார்ந்து ஸ்விட்சுகளைப் பொறுமையோடு ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கினார். நடுவில் மின்சாரம் அறுந்து எல்லாம் அழிந்துபோக, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். முடிவில் ரேடியோவிலிருந்து, அந்நாளில் எல்லோருக்கும் பரிச்சயமான பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் மெட்டு எழுந்தது. யந்திரம் கணக்குப் போடும்போது அதிலிருந்து கிளம்பும் மின் அலைகள் அருகிலுள்ள ரேடியோவில் இரைச்சலாகக் கேட்பதைத் தற்செயலாகக் கவனித்த அவர், எந்தக் கட்டளைக்கு எந்தச் சுருதி என்று பல மணி நேரம் சோதித்து அட்டவணை தயாரித்திருந்தார். பாட்டு முடிந்ததும் யந்திரம் தானாகவே ‘டெய்சி’ என்ற பழைய பாடலை வாசித்தது. 1961-இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஒரு ராட்சதக் கம்ப்யூட்டரைப் பாட வைத்தபோது அது பாடிய பாட்டும் அதுவே. சபையினர் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். டாம்ப்பியரோ அந்த உபாயத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், மற்றவர்களும் செய்து பார்க்கும்படி பத்திரிகையில் எழுதி வெளியிட்டுவிட்டார்.

முதல் நாள் கொட்டகைக்கு வந்திருந்தவர்களில் ஹியூலட் பேக்கார்டு கம்பெனியில் கால்குலேட்டர் வடிவமைக்கும் வேலையில் இருந்த ஸ்டீபன் வாஸ்னியக்கும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. கூச்ச சுபாவம் உடைய அவர் அன்று வாய் திறந்து அதிகம் பேசவில்லை. அங்கே கொடுத்த மைக்ரோபிராசசர் விவரத் தாள் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்தவர், தாம் பள்ளிப் பருவம் முதல் காகிதத்தில் வரைந்து பழகிய கம்ப்யூட்டர்களின் உள்ளமைப்பே அந்தச் சின்னஞ்சிறு சிப்புக்குள் இருப்பதைக் கண்டுகொண்டார். 6502 என்னும் மலிவான சிப் கிடைத்தவுடன், சில மாதங்களில் விசைப்பலகையும் தொலைக்காட்சித் திரையும் இணையக்கூடிய கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்து, இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். அதோடு நில்லாமல், அதன் சர்க்யூட் படத்தைப் பிரதி எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் இனாமாக வழங்கினார். பிரதியைப் பெற்றவர்களுக்குப் பாகங்களைப் பூட்டப் பொழுதில்லை என்பதைக் கவனித்த அவருடைய சிநேகிதர் ஸ்டீவ் ஜாப்ஸ், அச்சிட்ட பலகையாகவே செய்து விற்கலாம் என்று யோசனை சொன்னார். மவுண்டன் வியூவில் பைட் ஷாப் என்ற கடை வைத்திருந்த பால் டெரல் 50 யந்திரங்கள் வேண்டும் என்றார். 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி பிறந்த ஆப்பிள் கம்பெனியின் முதல் சரக்கு, இவ்விதம் இனாமாகக் கொடுத்த ஒரு படத்திலிருந்து உருவானது.

அந்தச் சபையில் நம் தமிழ் மண்ணோடு சொந்தம் கொண்டாடக்கூடிய ஒருவரும் இருந்தார். மண்டபத்தின் பின்புறம் அட்டைப் பெட்டியில் தாமே எழுதிய மைக்ரோகம்ப்யூட்டர் பாடப் புத்தகங்களை வைத்து விற்றுக்கொண்டிருந்த ஆடம் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் பக்தரும் ‘தி மவுண்டன் பாத்’ பத்திரிகையைத் தோற்றுவித்தவருமான ஆர்தர் ஆஸ்போர்னின் புதல்வர். 1939-இல் பாங்காக்கில் பிறந்த அவர், யுத்த காலத்தில் தந்தை ஜப்பானியர் காவலில் இருக்க, தாயோடும் சகோதரிகளோடும் திருவண்ணாமலையில் வளர்ந்தார். அருணாசலத்தின் அடிவாரத்தில் ஓடி விளையாடிய அந்தக் குழந்தை, இரசாயன இன்ஜினீயராகி, நூலாசிரியராகி, 1981-இல் ஃபெல்சென்ஸ்டைனைக் கொண்டே வடிவமைத்த ஆஸ்போர்ன் 1 என்னும் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை வெளியிட்டது. சுமார் 11 கிலோ எடையும் ஐந்து அங்குலத் திரையும் உடைய அந்த யந்திரத்தை, எழுதவும் கணக்குப் போடவும் வேண்டிய புரோகிராம்களோடு சேர்த்து 1,795 டாலருக்கு அவர் விற்றார். இரண்டே ஆண்டுகளில், 1983-இல் கம்பெனி திவாலாயிற்று. அடுத்து வரும் யந்திரத்தைப் பற்றி முன்கூட்டியே வெளியிட்ட செய்தி இருப்பில் உள்ள சரக்கின் விற்பனையைக் கெடுத்தது என்பது பரவலான அபிப்பிராயம். அத்தகைய நஷ்டத்துக்கு வியாபார உலகில் அவர் பெயரே வழங்கலாயிற்று. செய்தியைச் சொல்வதனால் வரும் லாபத்தைச் சங்கத்தில் கண்டவர், கடை வைத்த பிறகு அதனால் வரும் நஷ்டத்தையும் கண்டார். கடைசிக் காலத்தில் நோயுற்று இந்தியாவுக்குத் திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

இனி, சங்கத்தின் வரலாற்றில் மிகவும் விவாதத்துக்கு உரிய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஆல்டேருக்காக பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரு இளைஞர்கள் பேஸிக் என்னும் கம்ப்யூட்டர் பாஷையை எழுதியிருந்தார்கள். அதைத் தனியாக வாங்கினால் விலை 500 டாலர்; அதாவது யந்திரத்தின் விலையைவிட அதிகம். 1975 ஜூன் மாதம் பாலோ ஆல்டோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் மிட்ஸ் கம்பெனியார் தங்கள் யந்திரங்களைக் காட்சிக்கு வைத்தபோது, பேஸிக் துளையிடப்பட்ட காகித நாடா ஒன்று எவர் கைக்கோ போய்ச் சேர்ந்தது. அடுத்த கூட்டத்தில் அதன் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கின. ஒன்றை எடுத்துக்கொள்பவர் இரண்டாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை. விதைநெல் கடன் வாங்கிய குடியானவன் அறுவடைக்குப் பிறகு கூடுதலாக அளந்து கொடுப்பதுபோல, அவர்கள் இதையும் நினைத்துவிட்டார்கள்.

1976-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதியிட்டு கேட்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம் சங்கத்தின் செய்தி மடலிலேயே வெளியாயிற்று. அந்த இருபது வயது இளைஞர் அதில் ஒளிவு மறைவின்றிப் பேசினார்: இந்தப் புரோகிராமுக்காகத் தாங்கள் பயன்படுத்திய கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல் ஆகிறது, ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அதை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், வந்த வருமானத்தைக் கணக்கிட்டால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை, கூலியில்லாமல் நல்ல வேலை செய்ய யார் முன்வருவார்கள்? கடிதம் பலருக்குக் கோபம் மூட்டியது. ஆனாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நடுநிலையாளர் எவரும் சொல்ல முடியாது.

இதற்கு மிகவும் கண்ணியமான விடை தர்க்கத்தினால் வரவில்லை, செயலினால் வந்தது. கடிதம் வருவதற்கு முன்பே, மென்லோ பார்க்கிலிருந்து பாப் ஆல்பிரெக்ட் குழுவினர் நடத்திய ‘பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி’ என்ற பத்திரிகையில், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டென்னிஸ் ஆலிசன், சிறிய யந்திரத்துக்குள் அடங்கும்படியான ‘டைனி பேஸிக்’ என்னும் பாஷைக்கு ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டிருந்தார். அதைப் படித்த டெக்சாஸ் மாகாணத்து வாசகர் இருவர், தாங்களே அதை எழுதி முடித்து, புரோகிராம் முழுவதையும் எண்களாகவே அனுப்பிவைத்தார்கள். இத்தகைய புரோகிராம்களை வெளியிடுவதற்கென்றே 1976 ஜனவரியில் ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ என்னும் பத்திரிகை தோன்றியது. டாம் பிட்மன் என்ற சங்க அங்கத்தினர் வேறொரு வகை சிப்புக்காகத் தாமே எழுதிய டைனி பேஸிக்கை 5 டாலருக்கு விற்றார். திருடுவதைக் காட்டிலும் வாங்குவது சுலபம் என்னும்படி விலை இருந்தால் எவரும் திருட மாட்டார்கள் என்பது அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஜிம் வாரன் கொண்ட கொள்கை.

சங்கத்தின் மடியிலிருந்து ஆப்பிள் மட்டுமல்ல, பிராசசர் டெக்னாலஜி, குரோமெம்கோ முதலிய கம்பெனிகளும் எழுந்தன. கம்பெனிகள் எழவே, இரகசியங்களும் எழுந்தன. நேற்றுவரை மேடையில் நின்று தம் யந்திரத்தின் உள்ளமைப்பை விவரித்தவர்கள், வியாபார நலனை உத்தேசித்து வாய் மூட வேண்டியவர்களானார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாதவர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அச்சுப் பத்திரிகைகளும் கடைகளும் பெருகிவிட்டபடியால், புதியவர்களுக்கும் சங்கம் முன்போல் அவசியப்படவில்லை. 1986-ஆம் ஆண்டு டிசம்பரில் அது முடிவுற்றது.

இந்த வரலாற்றைப் படிக்கிறவர்கள், பகிர்ந்துகொள்வது நல்லது, மறைத்து வைப்பது தீது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. வாஸ்னியக் கொடுத்த படம் அவர் வரைந்தது. டாம்ப்பியர் கொடுத்த உபாயம் அவர் கண்டது. ஆலிசனும் டெக்சாஸ் வாசகர்களும் கொடுத்தது அவர்களுடைய சொந்த உழைப்பு. பெட்டியில் வந்த நாடாவோ பிறருடைய உழைப்பு. தன் பொருளைக் கொடுப்பது தர்மம்; பிறர் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு அதையும் தர்மம் என்று சொல்லிக்கொள்வது தகாது. ஒரே சபையில், ஒரே உற்சாகத்தில், இரண்டும் நடந்தன. அவற்றில் எது தொழிலை வளர்த்தது என்று பார்த்தால், பிரதி எடுத்த நாடாவும் யந்திரங்களைப் பரப்பத் துணை செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புதிய யந்திரமாகவும் புதிய பாஷையாகவும் புதிய பத்திரிகையாகவும் முளைத்தவை அனைத்தும் மனிதர்கள் தம்முடையதை மனமுவந்து கொடுத்ததனால் முளைத்தவையே.

கம்ப்யூட்டர்த் தொழிலில் ஈடுபட்டிருக்கும் நம் இளைஞர்களுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கற்றதை நாலு பேர் அறியச் சொல்லுங்கள்; செய்து பார்த்துத் தோற்றதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; கேட்க வருகிறவன் சிறுவனானாலும் அவனுக்கு விடை சொல்லுங்கள். பிறர் உழைப்புக்கு உரிய விலையைக் கொடுங்கள்; உங்கள் உழைப்பில் ஒரு பகுதியையாவது விலையின்றிக் கொடுங்கள். ஆளும் பணமும் இல்லாத ஊரிலும் இதைச் செய்யலாம். முப்பத்திரண்டு பேர் ஒரு கார் கொட்டகையில் செய்தது இதைத்தான்.